பத்து வருஷம் இருக்கும்

கப்பலூர் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம்
சீட்டு எழுதியவன் நான்.
லாரி ஏறி நிற்கும். டிரைவர் இறங்கி
"பத்து டன் இருக்கும்ணே" என்பான்.
பதினோரு டன் இருநூற்று நாற்பது கிலோ என்று
முள் சொல்லும்.
முள் சொன்னதைத்தான் எழுதுவேன்.

நாகரத்தினம் முள் பார்க்காதவள்.
உலையில் போடும் அரிசி நாலு கை இருக்கும்.
பழங்காநத்தத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு
அரை மணி இருக்கும்.
எதிர்வீட்டுப் பையனுக்கு முப்பது வயசு இருக்கும்,
பாவம், இன்னும் பொண்ணு அமையல.
பெண் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பியதும்
தோழியிடம் சொன்னாளாம்,
ஆறடி இருக்கும்டி.
நான் ஐந்தடி ஐந்து.

புரட்டாசி, ராத்திரி ஒன்றரை மணி.
நெஞ்சின் மேல் லோடு லாரி ஏறி நின்றது.
எத்தனை டன் என்று சொல்லியிருப்பேன்,
வாய் வந்திருந்தால்.

பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில்
எனக்கு ஆக்ஸிஜன் மாட்டிவிட்டு
டூட்டி டாக்டர் அவளிடம் கேட்டார்:
சுகர் எத்தனை வருஷமா இருக்கு?
ஒரு கையில் என் சட்டை,
இன்னொரு கையில், ஏனென்று தெரியாமல்,
என் ஒற்றைச் செருப்பு.
"பத்து வருஷம் இருக்கும் டாக்டர்."

டாக்டர் 'பத்து வருஷம்' எழுதினார்.
'இருக்கும்' எழுதவில்லை.
அந்தத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

ரெண்டு ஸ்டென்ட். அஞ்சு நாள்.
இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
பாலிசி எடுத்து நாலு வருஷம் ரெண்டு மாசம்.
வயசு ஏற ஏற பிரீமியமும் ஏறுமாம்;
கடைசியாகக் கட்டியது முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
சொச்சம் என்பது நானூற்று இருபது.

கடிதம் வந்தது.
பாலிசிக்கு முன்பே இருந்த நோயைத் தாங்கள் மறைத்தபடியால்.
அதற்குக் கீழே என்ன இருந்தது என்று
அவள் வாசிக்கவில்லை.
டெபாசிட்டை உடைத்த ரசீதின் மேல்
கடிதத்தை மடித்து வைத்தாள்.

எனக்குச் சுகர் வந்து மூன்றே வருஷம்.
முதன்முதல் பார்த்த லேப் சீட்டு
தேதியோடு, முத்திரையோடு இருக்கிறது.
நான் எந்தச் சீட்டையும் தூக்கிப் போட்டதில்லை.

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன்.
ஐயா, என் மனைவி சொன்ன 'இருக்கும்' என்பது,
அதற்கு மேல் ஓடவில்லை.
அது இருக்கிறது இல்லை. இருந்ததும் இல்லை.
தெரியாது என்று சொல்லக் கூசுகிற ஒருத்தி
புருஷனுக்கு மூச்சு வரவேண்டும் என்ற அவசரத்தில்
கேள்வியை மரியாதையாக வழியனுப்பி வைப்பது.
இதைச் சென்னை ஆபீசுக்கு எப்படி எழுத?
சீட்டை மட்டும் பின் அடித்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து அவள் கணக்காகிவிட்டாள்.
"இந்த வீட்டுக்கு வந்து எம்புட்டு வருசமாச்சுக்கா?"
கீரைக்காரி கேட்டால்,
"அவரைக் கேளு."
அரிசியை டம்ளரில் அளக்கிறாள்,
தலை தட்டி.
பானையில் ஒரு பருக்கை மிஞ்சுவதில்லை.
ரெண்டு பேரும் சரியாகச் சாப்பிட்டு
சரியாக எழுந்திருக்கிறோம்.

நேற்று விசாரணைக்கு ஒரு பையன் வந்தான்.
இன்பராசு என்று பேர்.
மடியில் ஹெல்மெட், அதன் மேல் ஃபைல்.
லேப் சீட்டைப் போட்டோ எடுத்தான்.
பழைய மாத்திரை அட்டை இருக்கா என்றான்.
அவள் பக்கம் திரும்பி,
"அம்மா, பத்துன்னு நீங்கதான சொன்னீங்க?"
அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.
தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு
உள்ளே போனாள்.

அவன் குடிக்கும்போது சும்மாதான் கேட்டேன்.
கம்பெனியில சேர்ந்து எத்தனை வருஷம் தம்பி?
வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்,
"ஒரு ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

என் சட்டைப்பையில் பேனா இருந்தது.
எழுதிக்கொள்ளவில்லை.