பேரில் திருத்தம்

குடும்ப அட்டையில் நான் பெரிய ராஜா.
வாக்காளர் பட்டியலில் பெரேரா.
கேஸ் புத்தகத்தில் பிரேரணா என்று
முன்பின் தெரியாத ஒரு பெண்.
ஆதாரில் மட்டும் சரியாகப் பெரைரா;
அதிலும் அப்பா பேர் வரவேண்டிய இடத்தில்
பனைமரத்தொட்டி.

தண்டையார்பேட்டை இ-சேவையில்
டோக்கன் நாற்பத்தேழு.
நகப்பூச்சு காயாத விரலைத் தூக்கிப் பிடித்தபடி
கேட்கிறாள் கணினிப் பெண்:
"இது எந்த ஊர் பேரு சார்?"
"நம்ம ஊர்தாம்மா. ராயபுரம்."

சிரிக்கிறாள். நான் சொன்னதில் பொய்யில்லை.
ராயப்பர் கோயில் தேரன்று கல்லெறிந்தால்
ஒரு பெரைரா மண்டையைத் தடவுவான்,
எறிந்தவன் பர்னாந்தாக இருப்பான்,
விலக்க வருகிறவர் கோமஸ்.

தெற்கே முத்துக் குளித்த கரையில்
வரிசையில் நிற்க வைத்தார்களாம்.
மூச்சடக்கிக் கடலடி தொட்டு வருகிறவனுக்கு
நெற்றியில் மூன்று கை தண்ணீர்.
ஞானத்தகப்பனாக எந்தக் கப்பல்காரன் நின்றானோ
அவன் பேர் இவனுக்கு.
அவன் பாய் விரித்துப் போய்விட்டான்.
பேர் கரையிலேயே நின்றது,
ஈரம் சொட்ட.
பிறகு எவரோ தோணியேறி வடக்கே வந்தபோது
துடுப்போடு அதையும் தூக்கி வந்திருக்கிறார்.
எதற்கு என்று கேட்க எனக்கு ஆளில்லை.

அர்த்தம்?
அது போன ஐப்பசி வரைக்கும் தெரியாது.

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்.
கன்டெய்னர் முதுகில் இருப்பதைக்
காகிதத்தில் எழுதுகிறவன்.
மழை விட்ட ஒரு மத்தியானம்
கேங்வேயில் இறங்கிய கப்பல் சமையல்காரன்
என் கழுத்து அட்டையைப் படித்தான்.
தன் நெஞ்சில் தட்டினான்: பெரைரா!
என் நெஞ்சில் தட்டினான்: பெரைரா!
அவன் மொழி எனக்கு வராது,
நம் மொழி அவனுக்கு.
டாலி சீட்டைத் திருப்பி
ஒரு மரம் வரைந்தான்,
கிளையெல்லாம் இடுப்பு பெருத்த காய்கள்.
சுரைக்காயோ என்று நினைத்தேன்,
மரத்தில் ஏது சுரை.
மேலே ஓடி, அடுக்களையிலிருந்து
ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தான்.

பேரிக்காய்.

சன்னல், சாவி, அலமாரி வந்த கப்பலிலேயே
இந்தப் பேரியும் வந்ததோ என்னவோ.
பேர் என்றால் பேர்தான் என்று
நாற்பத்தாறு வருஷம் இருந்துவிட்டேன்.
அதற்குள் ஒரு மரம் நின்றிருக்கிறது.
கடித்தேன்.
பல்லிடுக்கில் நறநறவென்று,
காசிமேட்டு மணல் மாதிரி.

போனில் ஒரு ஊரைக் காட்டினான்.
அதன் பேரும் பெரைராவாம்.
ஓட்டுக் கூரைகள், ஒரு கிணறு, பஸ் நிற்கும் இடம்.
மரம் எங்கே என்று படத்தைத் தட்டினேன்.
இரண்டு கையையும் விரித்தான்.
நானும் விரித்தேன்:
பனைமரத்தொட்டியில் எங்கள் சந்தில் இருப்பது
சாய்ந்த மின்கம்பம் ஒன்று.

உலகத்தில் நாம் எத்தனை பேர்?
இதை எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை,
அவனுக்குப் புரிந்தது.
விரல்களை மடக்கினான், விரித்தான், மடக்கினான்,
அலுத்துப்போய்
கடலைக் காட்டினான்.

"சார், 'ரை'யா 'ரே'யா?"
ரை போடும்மா.
"அர்த்தம் எதுனா இருக்கா?"
பேரிமரம்.
"பேர் மரமா?"
பேரி. பேரிக்காய் காய்க்குமே, அது.
"கொடைக்கானல்ல பாத்துருக்கேன்" என்று
தட்டிக்கொண்டே போனாள்.

ஒப்புகைச் சீட்டு சூடாக வந்தது.
பெயர்: தஸ்நேவிஸ் பெரைரா. சரி.
தந்தை: மிக்கேல் பெரைரா. சரி.
முகவரி: பழைய எண் பதினொன்று,
பேரிமரத்தொட்டி.

பின்னால் நாற்பத்தெட்டு முட்டியது.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
வெளியே டோல்கேட் வெயில்.
தள்ளுவண்டியில் கொய்யாதான் இருந்தது,
உப்பும் மிளகாயும் போட்டு
இருபது ரூபாய்.