மறை எட்டு

பஞ்சிகாவத்தையில் பற்றரிக் கடை.
காலை ஏழரைக்குத் தகரக் கதவைத் தள்ளி ஏற்றுகிறேன்.
எஞ்சின், கியர்பெட்டி, கழற்றிய கதவுகள் என்று
தெரு முழுக்க வாகனங்களின் பிரேதப் பரிசோதனை.
எங்கள் பக்கம் மட்டும் இரசாயனம்.

என் காற்சட்டையில் பதினொரு ஓட்டை.
சல்பூரிக்கமிலம் தெறித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது.
தோய்த்துக் காயப்போட்ட பிறகுதான்
துணி பெறுபேற்றை வெளியிடும்,
பரீட்சைத் திணைக்களம் மாதிரி.

அமிலத்தை நீருக்குள் ஊற்று,
நீரை அமிலத்துக்குள் ஊற்றாதே:
புத்தகத்தில் அது ஒரு வரி.
ஹில்மி நானாவுக்கு இடது புருவம்.
அவர் வாசித்து அறியவில்லை,
மாறி ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

நிலத்தில் சிந்தினால் அப்பச்சோடா.
சீறும், நுரைக்கும், சத்தம் ஓயும்.
உப்பும் நீரும் மிச்சம்;
வாயு கேட்காமலே தெருவுக்குப் போய்விடும்.
கூட்டி அள்ளும்போது
வாய் தானாகச் சமன்படுத்துகிறது:
ஓர் அமிலத்துக்கு இரண்டு சோடா,
ஓர் அமிலத்துக்கு இரண்டு சோடா.
“என்ன, மந்திரமா?” என்கிறார் நானா.

சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தை.
நானூறு பேர், எட்டு மின்விசிறி, ஓர் ஒலிவாங்கி.
இரண்டாம் தடவைக்காரருக்குப் பின்வாங்கு.
அப்படி யாரும் சொல்லவில்லை,
நாங்களாகவே போய் இருந்துகொண்டோம்.
முன்வரிசைக்குப் பினோப்தலீனின் நிறமாற்ற வீச்சு
தசமத்தோடு மனப்பாடம்.
எனக்குத் தெரிந்த காட்டி,
கறி சிந்திய சேர்ட்டில் சவர்க்காரம் பட்டதும்
திடுக்கிட்டுச் சிவக்கும் மஞ்சள்.

வினா பதினேழு.
ஐதரோகுளோரிக்கமிலம்.
செறிவு, பத்தின் வலு மறை எட்டு.
பீஎச் பெறுமானம் யாது?
எட்டு என்று எழுதினேன்.
மடக்கை எடுத்தால் எட்டுத்தானே?
சிவப்புப் பேனாவின் குறுக்குக் கோடு.
ஏழுக்கு மேலே என்றால் அது மூலம்.
நான் எழுதி வைத்தது
ஓர் அமிலத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி
அதைச் சவர்க்காரம் ஆக்கிய கதை.

நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில் நெரிசல்.
பம்பலப்பிட்டி தாண்டியும் இருக்கை இல்லை.
கம்பியைப் பிடித்தபடி ரிப்கா
என் தாளை ஒருமுறைதான் பார்த்தாள்.
“நீங்க தண்ணிய மறந்திட்டீங்க.
தண்ணிக்கும் ஒரு கணக்கு ஈக்கிதானே.”

இருக்கிறது.
தூய நீரும் தன்பாட்டில் கொஞ்சம் உடைகிறது,
பத்தின் வலு மறை ஏழு.
யாரும் பார்க்காத அளவு.
ஆனால் அமிலம் அதைவிட ஐதாகிவிட்ட இடத்தில்
நீரின் பங்குதான் பெரிது.
மருதானையில் சனம் இறங்க
இருக்கை கிடைத்தது; மடியில் வைத்துச் செய்தேன்.
இருபடிச் சமன்பாடு. பென்சில் குலுங்கியது.
ஆறு தசம் ஒன்பது எட்டு.

ஏழு இல்லை.
எவ்வளவு ஊற்றினாலும் ஏழு இல்லை.
கிட்டப் போகும், இன்னும் கிட்டப் போகும்,
கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போகாது.
கழித்துப் பார்த்தேன்:
சைபர் தசம் சைபர் இரண்டு.

போன வருடம் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும்
என் இசட் புள்ளிக்கும் இடையில் கிடந்ததும்
அவ்வளவுதான்.
இதை ரிப்காவிடம் சொல்லவில்லை.
கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது
“மறை எட்டு” என்று மட்டும் சொன்னேன்.
அவள் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஓர் ஓட்டோ.
பற்றரியின் ஆறு மூடியையும் கழற்றி
காய்ச்சி வடித்த நீரை மட்டம் பார்த்து விடுகிறேன்.
அதுவும் தூயதில்லை.
போத்தல் திறந்த நேரம் தொட்டுக்
காற்றைக் குடித்து மெல்லப் புளித்திருக்கும்.
ஒரு துளி கையில் விழுந்தது, துடைத்தேன்.

“நூற்றியிருபது” என்றேன்.
“சும்மா தண்ணிதானே தம்பி,
இதுக்கும் காசா?”

தண்ணிக்கும் ஒரு கணக்கு இருக்கு அண்ணை.