அவசரம் என்று எழுதாதே

செவ்வாய் விடியலில் சின்னப்பன் கவுண்டன் போனார்.
ஆறேகாலுக்கு நான் மின்னஞ்சல் விட்டேன்
மெர்பேங்க் ஈமக்கடன் சங்கத்து
முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரிக்கும்:
அவசரம்! அவசரம்! உடனே படிக்கவும்!
நாளை பதினொன்றுக்கு கிளேர் எஸ்டேட்டில் தகனம்.
ஆளுக்கு ஐம்பது ரேண்ட்.
வங்கிக் கணக்கு எண் கீழே!!

வந்தது பதினேழு பேர்.
பெட்டி தூக்க ஆள் போதாமல்
எதிர்வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.
கிரீஸ் கையோடு வந்து
வெள்ளைத் துணியில் படாமல் பிடித்தான் பாவம்.

பிறகு கடையில், மீன் வண்டியருகில், கோவில் வாசலில்
எல்லோரும் கேட்டது ஒன்றே:
ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சொன்னேனே.
சொன்னது அவரவர் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது.
லாட்டரி விழுந்த சேதிக்கும்
வழுக்கையில் முடி முளைக்கும் எண்ணெய்க்கும் நடுவே
நான் ஒட்டிய படத்தில்
திருநீறும் கழுத்துப் பட்டியுமாய்
சிரித்துக்கொண்டிருந்தார் கவுண்டன்.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிடம் சங்கீதம்,
நடுவில் ஒரு முறை கரண்ட் போனது,
மறுபடி முதலிலிருந்து சங்கீதம்.
கடைசியில் லுங்கெலோ என்று ஒருவன்.
கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கோபித்துக்கொள்ளாதீர்கள்,
ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் எழுதுவார்கள்."

யோசித்தால், ஆமாம்.
உடனே. பணம். கணக்கு எண். கடைசி நாள்.
துக்கமும் திருட்டும்
ஒரே கடையில் சொல் வாங்குகின்றன.

இந்தச் சங்கத்தின் பெயரில்
யார் அனுப்பலாம், யார் கூடாது என்று
எங்கோ ஒரு சர்வரில் எழுதி வைக்கச் சொன்னான்.
கடிதந்தோறும் ஒரு கையெழுத்தாம்,
மனிதக் கண்ணுக்குத் தெரியாதாம்,
கதவு காக்கும் மிஷினுக்குத் தெரியுமாம்.
இரண்டு சாயங்காலம் ஆனது. செய்தேன்.
அப்புறம் சொன்னான்:
"ஆளில்லாத முகவரிகளை எடுத்துவிடுங்கள்.
திரும்பி வரும் ஒவ்வொரு கடிதமும்
உங்கள் பேரைக் கெடுக்கும்."

உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொரு பேர்.
நாங்களே மாலை வாங்கி
நாங்களே ரசீது கிழித்து
நாங்களே எரித்தவர்கள்.
பட்டியலில் மட்டும் யாரும் கொள்ளி வைக்கவில்லை.
இத்தனை வருடமாய்
செத்தவர்களுக்குச் சாவு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஒவ்வொரு பெயராய் அழித்தபோது
ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் கேட்டது:
நிச்சயமாகவா?

ஆச்சரியக்குறிகளையும் அழித்தேன்.
எழுபத்தொன்பது வயதில் போனவருக்கு
என்ன ஆச்சரியம்.

சனிக்கிழமை இன்னொரு விஷயம் தெரிந்தது.
தைலம்மா செட்டி தன் கையாலேயே
'இது ஸ்பேம்' என்று அமுக்கியிருக்கிறாள்,
ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை.
கேட்டே விட்டேன்.
கேட்டில் கை வைத்தபடியே சொன்னாள்:
"வாரம் ஒரு பிணம் அனுப்புகிறாய்.
காலை டீயை முழுசாய்க் குடித்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"
நாய் குரைத்தது. உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ரிஃபைனரி வாடை வீசிய தெருவில் திரும்பி நடந்தேன்.

பதில் வந்த கடிதத்தை மிஷின் நம்பும் என்றிருந்தான் லுங்கெலோ.
அதனால் இந்த மாதம்
யாரும் சாகாத ஒரு புதன்கிழமை பார்த்து
எல்லோருக்கும் இரண்டு வரி எழுதினேன்:
சங்கத்திலிருந்து பவானி. பணம் வேண்டாம்.
கிடைத்தால் 'இருக்கிறேன்' என்று மட்டும் பதில் போடுங்கள்.

இருக்கிறேன், என்றது ஆஸ்திரேலியா போன மூட்லி வீட்டுப் பெண்.
இருக்கிறேன், இடுப்பு வலியோடு.
யார் இது?
இருக்கிறேன், போன வருட ரசீது எங்கே?
வெறும் கட்டைவிரல் படம் முப்பது.
இருநூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

தைலம்மாவிடமிருந்து வெள்ளிக்கிழமைதான் வந்தது,
இரவு பதினொன்று நாற்பதுக்கு:
இருக்கிறேன்.
இனிமேல் மத்தியானத்தில் அனுப்பு.