ஏற்காடு, மூன்றாம் நாள்

கடலுக்குப் போவதாகத்தான் பேச்சு.
பாம்பன் பாலம் தாண்டி
தீவைச் சைக்கிளில் ஒரு சுற்று,
ஈர மணலில் டயர் தடம், வறுத்த நெத்திலி
என்றெல்லாம் சாப்பாட்டு இடைவேளைகளில்
ஜெயசீலி வழி வரைந்தாள்,
பழைய சலான்களின் முதுகில்.
மேலாளர் கொடுத்தது மூன்று நாள்.
மூன்று நாளுக்கு எட்டியது
இந்த மலைதான்.

அஸ்தம்பட்டியில் வாடகைக்கு எடுத்த
இரண்டு கியர் சைக்கிள்.
ஒன்று நீலம். மற்றது
எப்போதோ சிவப்பாக இருந்தது.
காய்கறி வேனில் ஏற்றித்தான் மேலே வந்தோம்,
மிதித்தே ஏறியதாக ஆபீஸில் சொல்ல
இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இன்று ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தால்
சேலத்தைக் காணோம்.
ஊர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பரப்பு
மலை விளிம்பு வரை வந்து
தொட்டும் தொடாமலும் திரும்புகிறது.
தூரத்தில் கஞ்சமலையின் நெற்றி மட்டும்,
பக்கத்துத் தீவுக்காரர் எட்டிப்பார்ப்பதுபோல.
"பாத்தியா, வந்திருச்சு" என்றாள்
பற்பசை நுரையோடு.
என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.

கடைசிச் சுற்று.
சவுக்கு மரம்போல உயர்ந்த சில்வர் ஓக்குகள்,
அவற்றில் ஏறிய மிளகுக்கொடி,
மழையே இல்லாமல் சொட்டும் இலைகள்.
இரண்டு நாளும் எங்களைத் துரத்திய எஸ்டேட் நாய்
இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.
"நம்மளை உள்ளூர்ல சேத்துக்கிச்சுடி."
அதற்குப் போய்
இத்தனை நேரம் சிரித்திருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவள் தூத்துக்குடி கிளை.
ஆர்டர் வந்து பதினொரு நாள்.
அங்கே தெருக்கோடியிலேயே கடல் இருக்குமாம்.
நாங்கள் செயின் கழன்றதைப் பற்றிப் பேசினோம்,
தொடை வலியைப் பற்றி,
லாட்ஜ் வெந்நீரின் தேன்நிறத்தைப் பற்றி.
மஞ்சக்குட்டை ஏற்றத்தில்
உதட்டை நக்கிவிட்டு
"உப்பு" என்றாள். அவ்வளவுதான்.

பதினொன்றுக்குள் சைக்கிளைத் திருப்பித் தரவேண்டும்.
இருபதாம் வளைவில் பலகை.
எண்கள் ஏறுகிறவர்களுக்காக எழுதியவை,
இறங்குகிறவர்களுக்கு
ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகின்றன.
பதினாறில் மூடுபனிக்குள் நுழைந்தோம்.
முன்சக்கரம் தெரிகிறது, அதற்கு அப்பால் இல்லை.
அவள் பின்னாலிருந்து இரண்டு மணி அடிப்பாள்,
நான் ஒன்று.
இருக்கிறாயா, இருக்கிறேன்.
எதிரே ஒரு பஸ்
வெறும் ஹாரனாக வந்து
வெறும் டீசல் வாசனையாகப் போயிற்று.
இரண்டு மணி. ஒன்று.
இரண்டு மணி. ஒன்று.

ஒன்பதுக்கு அப்புறம் இரண்டு வரவில்லை.

நான் அடித்தேன். மறுபடி அடித்தேன்.
பிரேக் கட்டைகள் கருகும் வாடை
என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை.
சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு
ஜெயசீலி என்று கத்தினேன்.
மூன்று நாளில் அவள் பெயரை
முழுதாகச் சொன்னது அப்போதுதான்.
எங்கோ குரங்கு ஒன்று பதில் சொன்னது.

பிறகு, வலது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு,
முடியெல்லாம் பனித்துளி,
வெள்ளையிலிருந்து பிரிந்து வந்தாள்.
"பெல்லு கழண்டு விழுந்திருச்சுடி,
தேடினேன், பள்ளத்துல போயிருக்கும்."
நான் திட்டினேன்.
என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று
இப்போது நினைவில்லை,
அவளும் நினைவில்லை என்றுதான் சொல்வாள்.

அதன்பின் பக்கம் பக்கமாகவே இறங்கினோம்,
யாராவது வந்தால் வரட்டும் என்று.
நாலில் பனி முடிந்தது.
கீழே வெயில். வெயிலில்
மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளை மேடுகள்,
பார்க்கவே கண் கூசும் மணல்.
இருவருமே பிரேக் பிடித்தோம்.
"இறங்கணுமா?"
"பதினொன்னு ஆகப் போகுது."

கடைக்காரர் ஷாநவாஸ்
டயரை அமுக்கினார், கியரைத் தட்டினார்,
சிவப்பாக இருந்த சைக்கிளின் கைப்பிடியில்
மணி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.
எண்பது ரூபாய். பாதிப் பாதி போட்டோம்.
ரசீதில் எழுதினார்:
பெல் 1, காணவில்லை.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.
முதுகு காலியாக இருந்தது.
நாலாக மடித்து
பர்ஸின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள்,
பாதி என்னுடைய ரசீதை.