காலி எடை

ஆறு நாள் நான் லோரிகளை நிறுப்பவள்.
பழத்தோடு உள்ளே வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒருமுறை.
கழித்து வருவது கம்பெனிக்கு.
வெள்ளைச் சீட்டு அலுவலகத்துக்கு, மஞ்சள் ஓட்டுநருக்கு,
இளஞ்சிவப்பு எனக்கு, ஆணியில் குத்தி வைக்க.

ஏழாம் நாள்
ஜெகதா, கோமளம், நான்,
ஜெகதாவின் அண்ணனுடைய பழைய கஞ்சில் காரில்
பீடோர் தாண்டி, செம்பனை தாண்டி,
தார் முடிந்து சரளையும் முடிந்து
ஈயம் தோண்டிப் போன இடத்துக்குப் போனோம்.
கோமளத்துக்கு மூட்டு வலி.
“ஏறவெல்லாம் வேணாம்லா, நடந்தா போதும்.”
யாரோ பலகையில் சாயத்தால் எழுதியிருந்தார்கள்:
பாதை ஒன்று, பதினைந்து நிமிடம், சுலபம்.
பாதை இரண்டு, இருபது நிமிடம், சுலபம்.
பாதை மூன்றின் நிமிடத்தை மழை அழித்திருந்தது.
சுலபம் மட்டும் மிச்சம்.

மலை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
மில்லின் கூரையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.
ஆனால் நிறம்!
அடியில் துருப்பிடித்த தகரம்,
அதன்மேல் பால் அதிகமாகிப் போன தேநீர்,
கத்தரிப்பூ ஒரு கோடு,
திடீரென்று அறுத்த பப்பாளியின் உட்புறம்,
உச்சியில் கண் கூசும் உப்பு.
கீழே குளம்,
யாரும் குளிக்கக் கூடாத பச்சை.
கோமளம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.
“கோயிலாடி இது?”
“சுடுது. ஆனா நல்லாருக்கு.”

பாலைக்குச் சொந்த ஊர் கிடையாது,
வேறொரு நிலம் கெட்டால்தான் அது என்று
படிவம் ஐந்தில் எழுதி மூன்று புள்ளி வாங்கியவள் நான்.
கெடுத்தது யார் என்று
கேள்வித்தாளில் கேட்கவில்லை.

இரண்டாம் பாதையில் ஒரு சீனக் கல்யாண ஜோடி.
அந்த வெயிலில் கோட்டு, கழுத்துப்பட்டை,
பெண்ணின் வெள்ளை வாலை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து
ஒரே சமயத்தில் விட
அது எழும்பி, மிதந்து, எங்கள் பக்கம் விழுந்தது.
படம் பிடிப்பவன் மலாயில் கத்தினான்:
“ஆன்ட்டி, தள்ளுங்க! துபாய்ல ஆன்ட்டி கிடையாது!”
துபாயை விட்டு வெளியேறி
ஒரு செம்மண் மடிப்பின் நிழலில்
நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தோம்.
சிரிப்பு அடங்காமல் ஜெகதாவுக்கு நெத்திலி புரையேறியது.

அப்போதுதான் பட்டது.
இந்த இடத்தையும் ஒருநாள் உள்ளே ஓட்டிவந்து நிறுத்தி,
ஈயத்தை இறக்கிக்கொண்டு,
கழித்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.
இது காலி லோரி.
நாங்கள் உட்கார்ந்து தின்பது காலி எடையின்மேல்.
யாரும் கிழித்து வைக்காத சீட்டுதான்
இத்தனை நிறமாகக் கிடக்கிறதோ?
வாய்விட்டுச் சொன்னேன்.
“ஞாயித்துக்கிழமையுமா எடை?” என்று கோமளம்
சம்பல் விரலை மண்ணில் துடைத்தாள்.
மண்ணுக்கு இன்னொரு சிவப்பு.

மூன்றாம் பாதையை முடிக்கவில்லை.
மூன்று மணியானால் மழை பெய்துவிடும் பாலைவனம் இது.
முதல் துளிகள் மணலில் அம்மைத் தழும்பு போட்டன.
பிறகு மலை நடக்க ஆரம்பித்தது:
கத்தரிப்பூ பப்பாளிக்குள், பப்பாளி தேநீருக்குள்,
எல்லாம் இறங்கி அந்தப் பச்சைக்குள்.
துபாய்க்காரி வாலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு
எங்களை முந்தி ஓடினாள்.
என்ன நினைத்தாளோ, போகிற போக்கில்
கோமளத்தின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு.
கோமளமும் ஓடினாள்.
கார்வரைக்கும். மூட்டோடு.
அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திங்கள், காலை ஏழு மணி.
எடைமேடையில் நின்று சப்பாத்தை உதறினேன்.
ஒரு பிடி மண், வெளிறிய ஊதா.
நான் இறங்கியதும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது.
பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
சன்னாசி ஹார்ன் அடித்தார். லோரி ஏறி நின்றது.
பதினான்காயிரத்து முந்நூற்று இருபது என்று
மூன்று நிறத்திலும் பதியும்படி அழுத்தி எழுதினேன்,
அந்த ஒரு பிடியையும் சேர்த்து.