மூன்றாவது துளை

ராத்திரி இரண்டு பத்துக்குக்
காட்பாடிப் பக்கம் ரயில் கத்தியது.
அதற்கப்புறம் இன்னொரு சத்தம்,
அரிசி மூட்டையை இறக்கிப் போட்டாற்போல,
ஆனால் சின்ன மூட்டை.

விளக்கைப் போட்டேன்.
ஆறிருக்கு தண்ணியில்ல,
கோட்டையிருக்கு ராஜாவில்ல என்று
எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
தொட்டில் இருந்தது.
பிள்ளை இல்லை.

அந்த ஒரு மூச்சு நேரத்தில்
என்னவெல்லாம் நினைத்தேன் என்று
பியூலாவிடம் இதுவரை சொல்லவில்லை.

நவோமி பீரோ முன்னால் உட்கார்ந்து
என் செருப்பை நக்கிக்கொண்டிருந்தாள்.
நெற்றியில் புளியங்கொட்டை அளவு வீக்கம்.
அழவில்லை. என்னைப் பார்த்து
"ஏய்" என்றாள்,
எகிறிக் குதித்தவன் நான்தான் என்பதுபோல.

பியூலாவுக்கு அந்த வாரம் நைட் டூட்டி.
போனில் அவள் பதறவில்லை, எனக்கு அதுதான் பயம்.
"வாந்தி எடுத்தாளா?
கூப்பிட்டா திரும்புறாளா?
கொஞ்சம் மந்தமா இருந்தாலும்
உடனே தூக்கினு வந்துடு."
பின்னால் யாருடைய பிள்ளையோ அழுதது.
"வெச்சிடறேன், ஒரு மாடிப்படி கேஸு."

காகிதப்பட்டறையில் பைக் மெக்கானிக் நான்.
முறுக்கினால் எதுவும் நிற்கும் என்று நம்புகிறவன்.
விடிந்ததும் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.
தொட்டிலின் காலில் மூன்று துளைகள்:
கழுத்து நிற்காத மாதங்களுக்கு ஒன்று,
உட்காரத் தெரிந்த பிறகு ஒன்று.
பலகையை மூன்றாவதுக்கு இறக்கினேன்.
அதற்குக் கீழே தரைதான்.
பக்கத்தில் நின்று பார்த்தாள், வாயில் ஒரு நட்டு.
பிடுங்கினேன். இன்னொன்றும் இருந்தது.

மத்தியானம் கதவிடுக்கில் ஒளிந்து பார்த்தேன்.
முதலில் தலையணை. அதன்மேல் கரடி.
கரடியின் தலையில் ஒரு பாதம்.
மேல் சட்டத்தில் தாடை,
அப்புறம் ஒரு தொடை,
அப்புறம் அங்கேயே,
இந்தப் பக்கமுமில்லை அந்தப் பக்கமுமில்லை.
கைதட்டத் தோன்றியது.
ஓடிப்போய்ப் பிடித்தேன்.

கரடியை எடுத்தோம், தலையணையை எடுத்தோம்.
மறுநாள் ஒன்றுமில்லாமலே ஏறினாள்.

பக்கத்து போர்ஷன் ஷகீலா சொன்னாள்:
"மேல வலை கட்டிடுங்கண்ணா, கோழிக்கூண்டாட்டம்."
பியூலா வேண்டாமென்றாள்.
வலையில் கழுத்து மாட்டி வந்த ஒன்றை
அவள் பார்த்திருக்கிறாள்.
மேலே நான் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
தொட்டிலைக் கழற்றினேன். எட்டு போல்ட்.
ஒன்று மட்டும் திரும்ப மாட்டேனென்றது,
எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு எட்டாத சுவரோரம்
மெத்தை தரைக்கு வந்தது.
பிறகு நான் நாலு காலில் நடந்தேன்,
வீடு முழுக்க, அவள் உயரத்தில்.

அங்கிருந்து பார்த்தால் அது வேறு வீடு.
இஸ்திரிப் பெட்டியின் ஒயர் 'இழு' என்கிறது.
இழுப்பறை ஒவ்வொன்றும் ஒரு படி.
பீரோவைக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முறுக்கினேன்.
வாரத்துக்கொரு நாள் குழாய் வரும் ஊரில்
பக்கெட்டைக் கவிழ்த்து வைக்க மனசு வருமா?
கவிழ்த்தோம்.
மாடிப்படிக்கு ஒரு சின்ன கேட் வெல்டு வைத்தேன்,
எல்லாம் நிற்கிற கம்பி.
படுக்கைக் கம்பி வைத்தால் அவளுக்கு அது ஏணி.

முதல் ராத்திரி வாசல் கதவுக்குக் குறுக்கே
பாயைப் போட்டுப் படுத்தேன்.
மே மாசம். ஃபேன் அனலைத்தான் சுற்றியது.
மூன்று தடவை என்மேல் ஏறி இறங்கினாள்.
நாலாவது தடவை வண்டி நடுவிலேயே ஆஃப்,
வயிற்றின்மேல் தூங்கிப்போனாள்,
கையில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி.
இருட்டில் தடவி எண்ணினேன்.
ஆறும் இருந்தன.

ஆறே முக்காலுக்குச் சாவி திரும்பியது.
கால்வாசி திறந்த கதவு முதுகில் இடித்தது.
"இன்னா, உயிரோட கீறியா?"
நான் அசையவில்லை.
இடுக்கு வழியே பையைத் தள்ளினாள்,
உடம்பை ஒருக்களித்தாள்,
சுவரைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி
எங்களைத் தாண்டப் பார்த்தாள்.
நடுவில் நின்றாள்,
இந்தப் பக்கமுமில்லை அந்தப் பக்கமுமில்லை.

நவோமி ஒரு கண்ணைத் திறந்து
"ஏய்" என்றாள்.