தாமதத்துக்குக் காரணம்

எழுமலை நிலையத்துக்கு நான் போனது
பங்குனி பத்து, காலை ஒன்பதே கால்.
வாசலில் தார்ப்பாய் விரித்து
வண்டியின் வயிற்றில் இருந்ததையெல்லாம்
வரிசையாய் எடுத்து வைத்திருந்தார்கள்,
சீர்த்தட்டு வைத்த மாதிரி.

குழாய்ச் சுருள் பன்னிரண்டு. விரித்து அளந்தோம்.
ஒன்பது முழுசு. இரண்டில் ஒட்டு.
கடைசிச் சுருளை நான் குனிந்து தொட்டதுமே
நிலைய அலுவலர் காசிமாயன் வேப்பமரத்தைப் பார்த்தார்.
அதற்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

மூச்சுக்கருவி இரண்டு. ஒன்றில் காற்று உண்டு.
மற்றதில் முள் மட்டும் ஒழுங்கு,
பூஜ்யம் என்று சரியாகக் காட்டியது.
நுரைக்கரைசல் கேன் நான்கு.
காலாவதித் தேதியின் மேலேயே
போன ஆயுத பூஜைச் சந்தனம்.
"வேணும்னே அங்க வச்சதா?"
"சாமி கும்பிட்டப்ப வச்சது மேடம்."

கயிறு, பட்டியலில் இரண்டு. பாயில் ஐந்து.
மூன்று எங்க காசு என்றான் சிக்கந்தர்.
"தீ, மாசத்துக்கு ரெண்டோ மூணோ.
கெணறுதான் மேடம் வாராவாரம்.
மாடு, நாய், ஆளு."
ஆளு என்கையில் அவன் குரல் மாறவில்லை.
பாதாளக்கொலுசை என் பக்கம் திருப்பி வைத்தான்.
அந்தப் பாயிலேயே துரு ஏறாத இரும்பு
அது ஒன்றுதான்.

சைக்கிள் பிரேக்கில் செய்த பாம்புக்கவ்வி ஒன்றும் கிடந்தது.
பட்டியலில் இல்லை.
ஆகவே நான் பார்க்கவில்லை.

நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுத்தேன்.
மணி அடித்த ஒரு நிமிடத்தில்
வண்டி வாசல் தாண்ட வேண்டும்.
அடிங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
தொலைபேசி முந்திக்கொண்டது.

உள்ளே மொக்கராசு கத்தினார்:
"சூலப்புரமா? எத்தன படப்பு?
மாடு கட்டியிருக்கா? அவுத்து விடச் சொல்லுப்பா!"
மணியும் அடித்தது.
ஆறு பேரும் அசையாமல்
என் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் ஏற்பாடு செய்த சோதனையாம்.

"நெசம்" என்றேன்.
கையெழுத்தில்லாமல் நான் போட்ட ஒரே உத்தரவு.

வண்டி காலி.
அதன் தயார்நிலை மொத்தமும்
தரையில் கிடந்தது,
துடைத்து, எண்ணி, எண் ஒட்டி.

அப்புறம் வரிசை என்ன, பட்டியல் என்ன.
ஏணிக்கு இருவர் ஓடினார்கள்.
சுருள்களை நெல்மூட்டை போல மேலே எறிந்தார்கள்,
எலி குடியிருந்ததும் சேர்ந்து போனது.
காசிமாயன் பிராஞ்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு
படியில் தொற்றினார்.
நுரைக் கேன் இரண்டை நான் தூக்கிக் கொடுத்தேன்,
காலாவதி என்று சற்று முன் எழுதிய அதே கேன்கள்.
தவசி ஒரே திருகில் வண்டியைக் கிளப்பினான்.
அந்த பேட்டரியைப் பற்றி
அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

புழுதி அடங்கியது.
கையில் கடிகாரம் இன்னும் ஓடியது.
நிறுத்த மறந்திருந்தேன்.

ஊருக்கு அப்பால் புகை
வெள்ளையாய் எழுந்து மஞ்சளாய்க் கனத்தது.
மொக்கராசு அழைப்புப் பதிவேட்டைத் திறந்தார்.
வந்த நேரம். புறப்பட்ட நேரம்.
தாமதம் எனில் காரணம்.
அங்கே பேனா நின்றது.
வண்டிக் கோளாறுன்னு போட்டுருவா மேடம்,
வழக்கமா அதான்.

பேனாவை வாங்கி எழுதினேன்:
ஆய்வு.

அவர் அதைப் படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் டீ சொல்லப் போனார்.

வெயில் ஏறியது. தார்ப்பாயை மடிக்கலாம் என்று போனேன்.
பாம்புக்கவ்வி, என் எழுத்து அட்டை,
அவற்றோடு ஒரு ஜோடி கம்பூட், ஒன்பதாம் எண்,
நான் பார்க்க வேண்டுமென்று பாலிஷ் போட்டது.

ஆறு பேரில் யாரோ
ரப்பர் செருப்போடு போயிருக்கிறான்.

இரண்டே கால் ஆயிற்று அவர்கள் திரும்ப.
வண்டி வளைவில் தெரிந்ததுமே
முகங்களைப் பார்க்கவில்லை நான்.
இறங்கும் கால்களை எண்ணினேன்.